புளியங்கொட்டை அளவு

6 ஜூலை 2025

மகளின் தலையில் ஈர் எடுத்துக்கொண்டிருந்தபோது, வலது காதுக்குப் பின்னால் என் விரலடியில் ஏதோ உருண்டது. துவரை அளவில் ஒன்று. அதற்குக் கீழே, பின்கழுத்தில், அதைவிடச் சிறியதாக இன்னொன்று. அழுத்தியபோது முகம் சுளித்தாள். பிடிக்கப் போனால் தோலுக்கடியில் நழுவி ஓடியது. சீப்பை வைத்துவிட்டு முடியைப் பிரித்துப் பார்த்தேன். பேன் கடியைச் சொறிந்து சொறிந்து, உச்சிக்குச் சற்றுப் பின்னால் இரண்டு இடங்களில் புண்ணாகி, சீழ் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது.

"நெறி கட்டியிருக்குது, வேற ஒண்ணுமில்ல. புண்ணு ஆறுனா அதுவா வத்திரும்" என்றார் அத்தை, விதைக் கடலை உடைத்துக்கொண்டே.

காலில் முள் தைத்தால் கவட்டையில் நெறி கட்டும் என்பது எங்கள் பாலக்கோட்டுப் பக்கத்தில் மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற மனம் கேட்கவில்லை.

8 ஜூலை

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் அவள் பின்னால் நின்று இரு கைகளாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அக்குள், தொடையிடுக்கு, வயிறு, கடைசியாகத் தொண்டை. அத்தை சொன்னது சரிதான். பேனுக்கு ஒரு மருந்தும் புண்ணுக்கு ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

நான் விடாமல் கேட்டதால் பொறுமையாக விளக்கினார். உடம்பு முழுவதும் ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் அவற்றின் வழியாகத்தான் இரத்தத்துக்குத் திரும்புகிறது. கிருமி வந்தால் அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால் முடிச்சு வீங்குகிறது. ஒவ்வோர் ஏரிக்கும் நீர்வரத்து ஓடை தனியாக இருப்பது போல ஒவ்வொரு முடிச்சுக் கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் சொன்னபோதுதான், முள்ளுக்கும் கவட்டைக்கும் உள்ள உறவு எனக்கு முழுதாக விளங்கியது. காதுக்குப் பின்னால் வீங்கினால் தலையைப் பார்க்க வேண்டும். தாடைக்கடியில் என்றால் பல்லையும் தொண்டையையும். அக்குளில் என்றால் கையையும், பெண்களுக்கு மார்பையும். கவட்டையில் என்றால் காலையும் பிறப்புறுப்பையும்.

சிறு பிள்ளைகளின் கழுத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும், மெத்தென்று நகரும் முடிச்சுகள் வெகு சாதாரணம் என்றார். இரண்டு வாரத்தில் சுருங்கத் தொடங்காவிட்டாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ, மேல்தோல் சிவந்து சுட்டாலோ மறுபடியும் அழைத்துவரச் சொன்னார். மூச்சுவிடவோ எச்சில் விழுங்கவோ முடியாமற்போனால் காத்திராமல் அன்றைக்கே வந்துவிட வேண்டுமாம்.

9 ஜூலை

இன்றிரவு சாப்பாட்டு வேளையில் இதையெல்லாம் வீட்டாருக்கு ஒப்பித்தேன். நான் முடித்ததும் அத்தை சேலைத் தலைப்பை விலக்கி, "எனக்குந்தான் இருக்குது. சித்திரையிலிருந்து இருக்குது. வலியா ஒண்ணா, அது பாட்டுக்குக் கெடக்குது" என்றார்.

இடப்பக்கக் கழுத்தில், பாதிக்குக் கீழே. தொட்டேன். ஒன்றல்ல, மூன்று நான்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தன. பெரியது புளியங்கொட்டையைவிடப் பெரிது. மகளுடையதைப் போல நழுவவில்லை. மேலே தோல் கருத்து, காசளவுக்குப் பொசுங்கியிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்து இருமுறை பற்றுப் போட்டாராம். அதற்கு முன்பு மருந்துக் கடையில் ஐந்து நாள் மாத்திரை, பிறகு இன்னோர் ஐந்து நாள். சீட்டு எதுவும் இல்லை, என்ன மாத்திரை என்றும் தெரியவில்லை. வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார்களாம்.

நாங்களும் அப்படித்தானே கேட்கிறோம்? வலித்தால் ஓடுகிறோம், வலிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம்.

10 ஜூலை

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அதே மருத்துவரிடம் அத்தையை அழைத்துச் சென்றேன். மகளைப் பார்த்ததைப் போல மூன்று மடங்கு நேரம் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொல்லிக் கட்டி மேலும் கீழும் நகர்கிறதா என்று கவனித்தார். நகர்ந்தால் அது தைராய்டாக இருக்கக்கூடுமாம். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இருபுறமும் விரலை ஆழ வைத்துத் தேடினார். அந்தக் குழியில் எவ்வளவு சிறிய முடிச்சு தட்டுப்பட்டாலும் சும்மா விடக்கூடாது, ஏனென்றால் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருக்கும் புற்றுநோய் அங்கே தலைகாட்டும் என்றார். அங்கே ஒன்றும் இல்லை.

அத்தை முப்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போடுபவர். அதனால் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தின் உட்புறம் முழுக்கத் தேடினார். வாய்ப்புற்றும் கழுத்தில் வலியில்லாத கட்டியாகத்தான் முதலில் தெரியவரலாம்; அது கல்லைப் போல இறுகி, அடியோடு ஒட்டி, அசையாமல் இருக்கும்.

பிறகு கேள்விகள். சாயங்காலக் காய்ச்சல் உண்டா? இரவில் வேர்த்து ரவிக்கை நனைகிறதா? எடை குறைந்திருக்கிறதா? அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேர்வையை வெயில் என்றும், இளைத்ததைச் சர்க்கரை என்றும் அவரே கணக்குத் தீர்த்து வைத்திருந்திருக்கிறார். எடை 44 கிலோ. ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு காரணமில்லாமல் குறைந்தால் அதை எவரும் அலட்சியம் செய்யக்கூடாது என்றார் மருத்துவர்.

தர்மபுரி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பரிசோதனை முடியும்வரை யார் சொன்னாலும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். கட்டி வற்றியதுபோல் தோன்றி, நிணநீர்ப் புற்று இருந்தால் அதன் அடையாளமே மறைந்துவிடுமாம்.

14 ஜூலை

ஊசிப் பரிசோதனை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது, ஆனால் ஊசி குத்தியது ஒரு நிமிடம்கூட இல்லை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு முன்னும் பின்னும் அசைத்து எடுத்தார்கள். கண்ணாடிச் சில்லில் தடவியபோது புளித்த தயிரைப் போல வெண்மையாகத் திரிதிரியாக வந்ததை நானே பார்த்தேன். ஒரு பகுதியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்குத் தனியாக எடுத்துக்கொண்டார்கள். மார்பு எக்ஸ்ரே, இரத்தச் சர்க்கரை, எச்.ஐ.வி. எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

21 ஜூலை

காசநோய். நுரையீரலில் இல்லை, நிணநீர் முடிச்சில் மட்டும். எச்.ஐ.வி. இல்லை. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் சிபிநாட் சொல்லிவிட்டது. புற்று இல்லை என்று கேட்டதும் என் கணவர் வெளியே போய்த் தேநீர்க் கடையில் நின்றுவிட்டார். திரும்பி வர அரை மணி ஆயிற்று.

தமிழாசிரியை என்பதால் ஒன்றைக் குறித்து வைக்கிறேன். நம் பழைய வைத்தியத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து. கழுத்தைச் சுற்றி மாலை கோத்தாற்போல் கட்டிகள் வரிசையாகக் கிளம்புவதால் அந்தப் பெயர். இவ்வளவு துல்லியமாகப் பெயர் வைத்தவர்கள் எத்தனை கழுத்துகளைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்!

23 ஜூலை

மருந்து தொடங்கியது. எடைக்கு ஏற்ப நாளொன்றுக்கு மூன்று மாத்திரைகள், ஒரே வேளையில், ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. எல்லாம் இலவசம், ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் என்றார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ உடனே வர வேண்டும் என்றார்கள். கட்டியை யாரும் கத்தி வைத்துக் கீறிவிடக்கூடாது, கீறினால் ஆறாமல் வடிந்துகொண்டே இருக்கும் என்றும் எச்சரித்தார்கள்.

2 ஆகஸ்ட்

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பார்க்க வந்தார். வந்தவர், அத்தை குடித்த டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லி என் காதில் ஓதினார். நுரையீரலில் நோய் இருந்து, இருமலில் வெளியேறி, காற்றில் கலந்தால்தான் அது பிறரைத் தொற்றும். கழுத்து முடிச்சுக்குள் அடைந்து கிடப்பது டம்ளர் வழியாகப் பரவாது. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் களி சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். போகட்டும்.

16 ஆகஸ்ட்

மகளின் நெறி கடுகாகிவிட்டது. புண் ஆறி அங்கே முடி முளைக்கிறது.

5 அக்டோபர்

அத்தையின் கட்டி மறுபடியும் பெரிதாகிவிட்டது. காய்ச்சல் நின்று, எடை 47 ஆகி, ஒரு மாதமாகச் சுருங்கி வந்தது. இந்த வாரம் வீங்கி, தொட்டால் வலிக்கிறது. "மருந்து கேக்கல, நிறுத்திப் போடலாம்" என்கிறார். நாளைக்கே தர்மபுரிக்குப் போகிறோம்.

6 அக்டோபர்

மருத்துவர் பதறவில்லை. கிருமி செத்து வரும்போது உடம்பின் எதிர்ப்பு வலுவடைவதால், சிகிச்சையின் நடுவில் முடிச்சு இப்படி வீங்குவது பலருக்கு நடப்பதுண்டாம். என்றாலும் மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டைகளை எண்ணிப் பார்த்தார், மீண்டும் ஊசியால் சிறிது எடுத்தும் அனுப்பினார். விட்டுப்போகவில்லை, நான்தான் நாள்காட்டியில் கோடு போட்டு வருகிறேனே! மருந்தை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார்.

17 அக்டோபர்

வலி இல்லை. வீக்கமும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. இம்முறை எடுத்ததில் உயிருள்ள கிருமி வளருமா என்ற முடிவுக்கு இன்னும் சில வாரங்கள் ஆகுமாம்.

30 நவம்பர்

கிருமி வளரவில்லை என்று முடிவு வந்துவிட்டது. தைத்துக் கொடுத்த புது ரவிக்கை இறுக்கமாக இருப்பதாக அத்தை குறை சொல்கிறார். எடை 50. கழுத்தில் துவரம்பருப்பளவில் ஒன்று மட்டும் கெட்டியாக நிற்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் அப்படி ஒன்று தங்கிவிடலாம், வளராமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சனவரி 23 வரை நாள்காட்டியில் இன்னும் 54 கட்டங்கள்.

இன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் அக்குளில் ஏதோ தட்டுப்படுவதாகவும், வலி இல்லை என்றும் வாசலில் நின்று சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை கேட்டார்: "எத்தன நாளா இருக்குது?"