ஒரு சுற்று மாலை: 7 நிமிடத்திலிருந்து 13 நிமிடத்துக்கு

உருத்திராக்க மாலை உருட்டி நமசிவாய சொல்வதை ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் பல மாதங்களாக விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. திருப்பூரில் ஒரு நூல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல். அந்தத் தேதிகள் நெருங்கினாலே நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கும்.

பேரூரில் இருக்கும் அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் காலையிலும் மாலையிலும் உருத்திராக்க மாலை உருட்டுகிறவர். "பெரிசா ஒண்ணுமில்ல கண்ணு. மூச்சு வெளிய போறப்ப மனசுக்குள்ள நமசிவாயன்னு சொல்லு. ஒரு மூச்சுக்கு ஒரு மணி. அவ்வளவுதான்" என்றார். தீட்சை வாங்காமல் சொல்லலாமா என்று கேட்டேன். "சாமியப் பேரச் சொல்லிக் கூப்புட ஆருகிட்டக் கேக்கோணும்?" அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. சின்ன வயதில் அப்பர் தேவாரத்தை அவரிடம்தான் கற்றேன். கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அப்பர் பாடிய 'நற்றுணை யாவது நமச்சி வாயவே' பதிகம் பாதி மறந்துபோனாலும், அந்த ஐந்தெழுத்து மறக்கவில்லை. புதிதாக ஒரு சொல்லைத் தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை.

மாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்துமுக மணிகள் 108, சுற்று தொடங்கி முடியும் இடத்தைக் காட்டத் தனியாக ஒரு மேரு மணி. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்ட வேண்டும், சுட்டுவிரல் படக்கூடாது. மேருவைத் தாண்டக்கூடாது, இன்னொரு சுற்று வேண்டுமென்றால் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே போக வேண்டும். புது மணிகளின் மேடுகள் முள் மாதிரி விரலைக் கீறின. அத்தை சொன்னபடி ஒரு ராத்திரி நல்லெண்ணெயில் ஊறப்போட்டுத் துணியில் துடைத்தேன். கீறல் குறைந்தது, நிறமும் கருத்து இறங்கியது.

முதல் நாள் 108-ஐயும் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் 7 நிமிடம். அதாவது நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சுக்கு மேல். இதை நோட்டில் குறித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. மனம் அமைதியாக இருக்கிறதா என்று தினமும் கேட்டுக்கொண்டால் தெளிவான பதில் வராது. ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்பது பொய் சொல்லாது.

இரண்டாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். நிமிடத்தைக் கூட்ட வேண்டும் என்று மூச்சை வேண்டுமென்றே இழுத்து விட்டேன். முப்பது மணி தாண்டுவதற்குள் தலை சுற்றியது. அத்தைக்குப் போன் செய்தேன். "மூச்சை நீ இழுக்காத சாமி. அது போற போக்குல போகட்டும், பேர மட்டும் அது மேல வை." அன்றிலிருந்து கடிகாரத்தைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முடித்த பிறகு போய்ப் பார்ப்பேன்.

தரையில் சம்மணமிட்டதில் முழங்கால் வலித்தது, நாற்காலிக்கு மாறினேன். சாப்பிட்டவுடன் செய்தால் தூக்கம்தான் வருகிறது. காலை 5.30, பல் தேய்த்துவிட்டு, காபிக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டேன்.

மனம் ஓடத்தான் செய்கிறது. எத்தனையோ நாள் பத்து மணி விரலில் நகர்ந்திருக்கும், நான் பாக்கிப் பட்டியலில் இருப்பேன். அப்போது வாய் அசைய முணுமுணுத்துச் சொன்னால் திரும்பி வர முடிகிறது. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், முணுமுணுப்பது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒரே சுற்றில் தேவைப்படுகின்றன.

ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர் பஸ்ஸில் வரும்போது செபமாலை சொல்லுகிறவர். ஒரு நாள் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசினோம். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினால் ஒரு மூச்சுக்குப் பாதிதான் வரும், மீதி அடுத்த மூச்சில் என்றார். அப்போதுதான் முன்பு படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரைச் செபமாலை செபத்தை லத்தீனில் சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே' என்று தொடங்கும் மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்று தானாக இறங்கியது. இதயத் துடிப்பின் தாளமும் அதோடு சேர்ந்துகொண்டது. மூச்சை விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிப்பது உடம்பின் இயல்பு. சொல் வெளிமூச்சை நீட்டுகிறது, துடிப்பு தணிகிறது. மாலை யாருடையதாக இருந்தாலும் இது நடக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை கடைசியில் ஒரு சுற்று 10 நிமிடம். நடுவில் காய்ச்சல் வந்து ஆறு நாள் விட்டுப்போனது, திரும்ப உட்கார்ந்தபோது 8. செப்டம்பரில் 13.

செப்டம்பர் 20-ஆம் தேதி மத்தியானம் தாக்கல் செய்யும் தளம் திறக்கவே இல்லை. முதலாளி இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார். என் வலது கையின் கட்டைவிரல் நடுவிரலை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கையில் மாலை இல்லை. நமசிவாய உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. நெஞ்சில் கல் இருந்தது, ஆனால் பழைய கனம் இல்லை. சாயங்காலம் 4.40-க்குத் தளம் திறந்தது, முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். மூன்று மணி விழிப்பு இன்னும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிறது. விளக்கைப் போடாமல் படுத்தபடியே சொல்கிறேன், சில நாள் தூங்கிவிடுகிறேன்.

போன ஞாயிறு பேரூர் போனேன். அத்தையும் நானும் முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். நான் மேருவைத் தொட்டுக் கண்ணைத் திறந்தபோது அவர் கையில் இன்னும் கால்வாசி மணிகள் மிச்சம் இருந்தன. ஒரு மணி நகர்ந்தது. அடுத்தது நகர்வதற்குள் தொழுவத்தில் கன்று இரண்டு தடவை கத்திவிட்டது.