மார்ஷல் தீவுகள் வழக்கு: மெயின்ஸுக்கு நான் படித்த விதம்

சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் சிவில் சர்வீசஸ் மெயின்ஸ் எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பசிபிக் கடலில் உள்ள சிறிய நாடான மார்ஷல் தீவுகள், அணு ஆயுத நாடுகள் மீது சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பற்றியது இது. ஒரு மாதிரித் தேர்வில், "மார்ஷல் தீவுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா மீது வழக்குத் தொடுத்தது" என்று எழுதிவிட்டு 15 மதிப்பெண் கேள்வியில் 3 வாங்கினேன். வழக்கு நடந்தது 2014-இல், அந்த ஒப்பந்தமே 2017-இல்தான் வந்தது. சரி, 'பரவல் தடை ஒப்பந்தம்' என்று எழுதியிருந்தால்? அதுவும் தப்புதான், இந்தியா அதில் சேரவே இல்லை. அணு ஆயுதம் மற்ற நாடுகளுக்குப் பரவாமல் தடுப்பது பரவல் தடை ஒப்பந்தம், அணு ஆயுதத்தையே தடை செய்வது தடை ஒப்பந்தம். ஆங்கிலத்தில் முன்னது என்பிடி, பின்னது டிபிஎன்டபிள்யூ என்று தனித்தனியாக நிற்கும். தமிழில் 'பரவல்' என்கிற ஒரே சொல்தான் வித்தியாசம், அவசரத்தில் கை நழுவிவிடும்.

அதன் பிறகு தேதிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு மார்ஷல் தீவு மக்களின் கதையை 1946-இலிருந்து படித்தேன். பிகினி, எனிவெடாக் பவளத்தீவுகளில் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த காசில் பிராவோ மட்டும் 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ரொங்கெலாப் தீவில் வெள்ளைச் சாம்பல் உதிர்ந்தது, குழந்தைகள் அதில் விளையாடினார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த மாதமே, சோதனைகளை நிறுத்தச் சொல்லி மார்ஷல் மக்கள் ஐ.நா.வுக்கு மனு அனுப்பினார்கள். அப்போது அது தனி நாடுகூட இல்லை, அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த பகுதி. பிராவோவின் ஒளியைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்த டோனி டி ப்ரும்தான் பின்னாளில் வெளியுறவு அமைச்சராகி இந்த வழக்கை முன்னெடுத்தார். இதைப் படித்த பிறகு எனக்கு 2014 என்ற ஆண்டு மறக்கவே இல்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். இங்கே நேரம் செலவழியுங்கள். அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் 2014 ஏப்ரலில் மனு போட்டார்கள். சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை, அதாவது தங்கள் மீது வரும் வழக்கை அது விசாரிக்கலாம் என்பதை, முன்கூட்டியே ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய மூன்றின் வழக்குகள் மட்டுமே மேலே நகர்ந்தன. பிரிட்டனுக்கு எதிரான வாதம் பரவல் தடை ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவு, அதாவது ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தும் கடமை. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உறுப்பினர் இல்லையே, அதனால் அவற்றுக்கு எதிராக அதே கடமை வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமாகவும் (ஒப்பந்தத்தில் சேராவிட்டாலும், நாடுகளின் நடைமுறையால் உருவாகி எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டம்) இருக்கிறது என்று வாதிட்டார்கள். விடைத்தாளில் இந்த வித்தியாசத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

2016 அக்டோபர் 5 அன்று வந்த தீர்ப்பு, வழக்கு தொடுத்த நாளில் தரப்புகளுக்கு இடையே 'தகராறு' இருந்ததாகவே நிறுவப்படவில்லை என்று சொல்லி மனுக்களைத் தள்ளியது. தகராறு இருந்ததற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட, மெக்சிகோவின் நயாரிட்டில் நடந்த அணு ஆயுத பாதிப்பு பற்றிய மாநாட்டில் மார்ஷல் தீவுகள் பேசியது மிகப் பொதுவானது, இந்தியாவின் எந்தச் செயலையும் அது குறிப்பிடவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. இந்தியா, பாகிஸ்தான் வழக்குகளில் 9-7. பிரிட்டன் வழக்கில் 8-8, தலைவரின் கூடுதல் வாக்கில்தான் முடிந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் வருத்தம்தான். ஆனால் முதலில் பெரும்பான்மையின் காரணத்தை நியாயமாக எழுதிவிட்டு, அப்புறம் மாற்றுக் கருத்துகளை வைத்து விமர்சியுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 2017-இல் தடை ஒப்பந்தம் நிறைவேறியபோது ஆதரித்த 122 நாடுகளில் மார்ஷல் தீவுகளும் ஒன்று. ஆனால் நான் தேர்வெழுதிய 2023 வரை அது கையெழுத்திடவில்லை. அதன் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி அமெரிக்காவிடம் இருக்கிறது, அங்குள்ள குவாஜலீன் பவளத்தீவில் அமெரிக்க ஏவுகணைச் சோதனைத் தளமும் இருக்கிறது. மற்ற பசிபிக் தீவு நாடுகளான பலாவும் கிரிபாட்டியும் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன. வாக்களித்தது, கையெழுத்திட்டது, ஒப்புறுதி செய்தது என்று மூன்று கட்டம் போட்டு ஒவ்வொரு நாட்டையும் அதில் நிரப்பிப் பாருங்கள், அரை மணி நேரம் போதும்.