கேள்வி முடியும் வரை

எனக்குத் திக்குவாய் உண்டு. தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும்; மருந்துக் கடையிலோ ரேஷன் கடையிலோ நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பேசி முடித்துவிடுவார். கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டில் சிறிய ஆவணப்படம் ஒன்று எடுத்துவரச் சொன்னபோது, வேறு எதையும் தேடாமல் அம்மாவைச் சமையலறைச் சுவரோரம் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எனக்குப் பதிலா ஏம்மா நீயே பேசிடுற?"

அதைக் கேட்டு முடிக்க எனக்கு 14 நொடிகள் ஆயின. 'பதிலா' என்ற சொல்லில் நான் சிக்கி நின்றபோது, அதை எனக்காகச் சொல்லிவிட அம்மாவின் உதடுகள் பிரிந்து, பிறகு இறுக மூடிக்கொண்டதையும், விரல்கள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்ததையும் எடிட்டிங்கின்போதுதான் கவனித்தேன். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைப்பதே வழக்கம் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் வெட்டவில்லை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பேசிவிடுவதாக அம்மா சொன்ன பதிலைவிட, பேசாமல் இருக்க அவர் பட்ட பாடுதான் அந்தப் படம் என்று இன்றும் நம்புகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு அதைக் கையாலேயே அள்ளினார்கள். அந்த மாதக் கடைசியில் எண்ணூரின் மீனவக் குப்பமான தாழங்குப்பத்துக்குக் கேமராவோடு போனபோது, அதற்குள் பல மைக்குகளைப் பார்த்துவிட்டிருந்த மக்களிடம் ஒரு தயார்ப் பதில் இருந்தது: குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்ட 12,500 ரூபாய், படகுக்கு அறிவிக்கப்பட்ட 10,000 ரூபாய், அது எத்தனை நாளைக்குப் போதும் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இருப்பதை யாரும் கேட்டு நின்றதாகத் தெரியவில்லை.

ஆற்றில் இறங்கி இறால் தடவிப் பிடிக்கும் ஆயா ஒருவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கித் திக்கி நின்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "மெதுவாவே கேளு பாப்பா, எண்ணெ இங்கதான் கெடக்குது" என்றார். நான் முடிப்பதற்குள் அவராகவே கையை நீட்டினார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகும் நகக்கண்களில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. "கண்ணு தெரியாட்டியும் இந்த வெரலுக்குத் தெரியும், எது இறாலு எது சேறுன்னு. இப்ப எல்லாம் ஒரே வழுக்கலா இருக்குது" என்றார். கழிமுகத்தில் இடுப்பளவு நீரில், பிடித்ததைப் போடும் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, தொட்டே அறிந்துவந்த ஒருவருக்கு அந்த எண்ணெய் என்ன செய்தது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த அறிக்கையும் சொல்லிவிடாது. படத்தில் என் திக்கலையும் அவர் நீட்டிய கையையும் ஒரே ஷாட்டில், வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

படம் 11 நிமிடம் ஓடுகிறது. அனுப்பிய ஒரு போட்டியில் 'கேள்வி கேட்பவரின் குரலை நீக்கினால் பரிசீலிக்கலாம்' என்று பதில் வந்தது. நீக்க மனம் வரவில்லை. அந்தக் குரலை எடுத்துவிட்டால் ஆயா ஏன் காத்திருந்தார் என்பதே விளங்காமல் போய்விடும்.

இப்போது கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் மூன்றாவது படத்துக்கான வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அங்கே குப்பையை எரிக்கும் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்ற பிறகு அந்தக் குப்பைமேட்டைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. அங்கே பல ஆண்டுகளாகப் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிப் பிழைப்பவர்களின் பேச்சு அதில் குறைவாகவே இருந்தது. அவர்களில் ஒரு அக்கா வரும் ஞாயிற்றுக்கிழமை, தரம் பிரித்து எடைபோட்ட பிறகு, உட்கார்ந்து பேச ஒத்துக்கொண்டிருக்கிறார். கேள்வி கேட்க எனக்கு நேரம் பிடிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டேன். பழசையெல்லாம் யோசித்துச் சொல்லத் தனக்கும் நேரம் பிடிக்கும் என்றார்.