கண்ணை மூடினால் தடுமாறும் கால்கள்

விழுந்து அடிபட்டு எங்கள் பிசியோதெரபி மையத்துக்கு வரும் முதியவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே விழுந்தீர்கள் என்பதைத்தான். குளியலறை என்ற பதில்தான் அதிகம். உடன் வந்த மகனோ மருமகளோ, "தரை வழுக்கிவிட்டது" என்று முந்திக்கொள்வார்கள். துருவிக் கேட்டால் சிலரிடமிருந்து வேறு விவரம் வரும்: முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியிருந்திருக்கிறார்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது. கண், உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு, பாதமும் கால் மூட்டுகளும். ஒன்று குறைந்தால் மற்ற இரண்டையும் வைத்து அது சமாளித்துக்கொள்ளும். நெடுநாள் சர்க்கரை நோய் பாத நரம்புகளை மெல்ல மெல்லக் கெடுத்துவிடுவதால், பலர் தம் கண்ணை நம்பியே நின்றுகொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரிவதில்லை என்பதுதான் என் கவலை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, அவருடைய கால் கட்டைவிரல் மூட்டின்மேல் வைத்தேன். "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள், ஐயா" என்றேன். சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "எப்போது ஆரம்பிக்கும், அம்மா?" என்று கேட்டார். அதையே மணிக்கட்டில் வைத்தபோது உடனே தலையசைத்தார்.

பிறகு பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னேன், நின்றார். கண்ணை மூடச் சொன்னதும் புறங்காலில் தசைநாண்கள் புடைத்தெழுந்தன, விரல்கள் தரையைக் கவ்வப் பார்த்தன, உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடுப்பருகே என் கை தயாராக இருந்ததால் பிடித்துக்கொண்டேன். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் மருத்துவராக இருந்த மோரிட்ஸ் ரோம்பெர்க்கின் பெயரால் வழங்கும் சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். ஆனாலும் அவசரத்தில் பல இடங்களில் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த உணர்விழப்பு முழுமையானால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் இயன் வாட்டர்மேன் சாட்சி. 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும், கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் அவருக்கு இல்லாமல் போயின. தசைகளில் பலம் இருந்தது, ஆனால் நிற்க முடியவில்லை. கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்து, மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். ஜானதன் கோல் என்ற நரம்பியல் மருத்துவர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். விளக்கு அணைந்தால் வாட்டர்மேன் அப்படியே சரிந்து விழுந்துவிடுவார்.

யோசித்து நடப்பது என்றால் கவனம் செலவாகும். சுவீடனின் உமேயோவில் நடந்து, 1997இல் வெளியான ஓர் ஆய்வில், முதியவர்கள் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 58 பேரில் 12 பேர், பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்குள் அந்தப் பன்னிரண்டில் பத்துப் பேர் விழுந்தார்கள். அதனால்தான், பின்னாலிருந்து "தாத்தா!" என்று கூப்பிட வேண்டாம், முன்னால் வந்து, அவர் உட்கார்ந்த பிறகு பேசுங்கள் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் மன்றாடுகிறேன்.

நான் அதிகம் பயன்படுத்துவது ஜெகா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் காட்டிய ஒன்றை. உடலைத் தாங்கவே முடியாத அளவுக்கு லேசாக ஒரு விரல் நுனி எதையாவது தொட்டிருந்தாலே, நிற்பவரின் ஆட்டம் குறைகிறது. பாதம் சொல்லாத செய்தியை விரல் சொல்லிவிடுகிறது. ஆசிரியரிடம் மறுபடி கண்ணை மூடச் சொல்லி, இந்த முறை ஆள்காட்டி விரலால் சுவரைத் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தே அடங்கியது.

குளியலறையில் முக்காலி வேண்டாம், முதுகு சாயும் நாற்காலி போடுங்கள்; கைப்பிடி பொருத்துங்கள்; இரவில் கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்று அவருடைய மகளிடம் எழுதிக் கொடுத்தேன். கைப்பிடி வைக்கும்வரை முகத்தை உட்கார்ந்தே கழுவச் சொல்லியிருக்கிறேன்.