வெள்ளிக்கிழமை விடுமுறை

ஜூலை 2, 2025, புதன்

கிளை நூலகத்துக்குப் போகத் தொடங்கி இன்றோடு பத்து நாள். என் கணவர் காலமாகிப் பதினான்கு மாதம். மகன் மெல்போர்னிலிருந்து தினமும் பேசுகிறான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேசி முடித்துக் கைபேசியை வைத்த பிறகு வீட்டில் கவியும் அமைதி, அவன் கூப்பிடுவதற்கு முன்பிருந்ததைவிடக் கனக்கிறது.

தனிமையைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கும் அறிக்கையைப் படித்தேன். உலகில் ஆறு பேரில் ஒருவரை அது வாட்டுகிறது. அதனோடு தொடர்புள்ள மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000, அதாவது மணிக்கு நூறு. இது எங்களைப் போன்ற வயதானவர்களின் துயரம் என்றே எண்ணியிருந்தேன். இளைஞர்களிலும் பதின்ம வயதினரிடம்தான் மிகுதி என்கிறது அறிக்கை. எதிர் மேசையைப் பார்த்தேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், தோளோடு தோள் உரச உட்கார்ந்தும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் குனிந்திருந்தார்கள்.

ஜூலை 4, வெள்ளி

நூலகத்துக்கு விடுமுறை. காலையில் பழக்கத்தில் புடவை மாற்றிக்கொண்ட பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது தெருவில் எல்லா வீட்டுக்கும் திண்ணை உண்டு. மாலையில் கீரை ஆய்ந்தபடியே எதிர்வீட்டு மாமியோடு பேசலாம், வழிப்போக்கர் உட்கார்ந்து தண்ணீர் கேட்கலாம். பிறகு திருட்டுப் பயம் என்று கம்பி போட்டார்கள். கம்பிக்குள் முதலில் சைக்கிளும் பின்னர் ஸ்கூட்டரும் ஏறின. எங்கள் திண்ணையை இடித்துத்தான் கார் நிறுத்த இடம் செய்தோம். நானும் சரி என்றுதான் சொன்னேன். இப்போது அங்கே காரும் இல்லை, திண்ணையும் இல்லை.

ஆண்களுக்கு இன்னும் டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பேப்பரைப் பங்குபோட்டுப் படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுநாளும் வருகிறார்கள். ஒரு பெண் அங்கே காலணாக் காரியமும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? கோயிலில் உட்காரலாம், அங்கும் நடை சாத்தும் வரைதான். பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் தனிமைக்கென்று அமைச்சரையே நியமித்தன. நான் கேட்பது, காரணம் சொல்லாமல் உட்கார ஓர் இருக்கை.

ஜூலை 7, திங்கள்

பெண்கள் மேசைக்குப் புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார், மடியில் காலிப் பூக்கூடை. காலை வியாபாரம் முடிந்ததும் வெயிலுக்கு ஒதுங்கினாராம். பேப்பரைக் கண்ணெதிரே பிடித்திருந்தார், ஆனால் வெகு நேரமாகப் பக்கம் திருப்பவில்லை. முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு அதன் பொருள் தெரியும். கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. "அக்கா, கண்ணாடி கொண்டுவரவில்லையா? நான் படிக்கட்டுமா?" என்றேன்.

"படிங்க டீச்சரம்மா. முதலில் யார் செத்தது என்று பாருங்கள்" என்றார்.

மெல்லிய குரலில் படித்தேன். இரங்கல் விளம்பரங்கள், பிறகு மேட்டூர் நீர்மட்டம், தங்கம் விலை. நூலகர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றோடு குரூப் 4 முடிந்தது. எதிர் மேசை காலி. நூலகத்துக்கு ஆட்கள் வருவதில்லை என்கிறவர்கள் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வீட்டில் படிக்க இடமில்லாமல் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இன்னொருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்ற தெம்புக்காகவும் வந்தார்கள்.

வீட்டு வரி ரசீதுகளை அடுக்கி வைத்தேன். அவற்றில் நூலக வரி என்று ஒரு வரி. அந்த நாற்காலிக்கு எத்தனையோ வருடமாகப் பணம் கட்டியிருக்கிறோம், இப்போதுதான் போய் உட்கார்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நூலகம் இல்லாததால் எங்கள் மன்னார்குடி ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் அக்கா பூ விற்கும் இடத்துக்குப் போனேன். கூட்டம் மொய்த்தது. "சும்மா நிற்காதீர்கள், கட்டுங்கள்" என்று நாரை நீட்டினார். என் கண்ணி இறுகவில்லை. அவர் பிரித்து இரண்டு முறை காட்டினார், மூன்றாவது முறை இறுகியது. ஒரு முழம் தேறியது. அதை விற்காமல் என் தலையிலேயே வைத்துவிட்டார். கணவரை இழந்தவள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் வைத்தார். நானும் எடுக்கவில்லை.

ஜூலை 23, புதன்

மூன்று நாளாக அக்கா வரவில்லை. கரையிலும் இல்லை. நாளை ஆடி அமாவாசை, பூக்காரர்கள் ஓய்வெடுக்கும் நாளா இது? யாரிடம் விசாரிப்பது என்று யோசித்தபோதுதான் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. இரண்டு வாரம் ஊர்ச் சாவெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறேன், பெயரைக் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். கையெழுத்துக் கட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் நூலகரின் கையெழுத்தில் "மேலவாசல்" என்று மட்டும் இருந்தது.

பஸ் ஏறினேன். மேலவாசல் என்றதும் எனக்கு நினைவு வருவது மாட்டுவண்டி நூலகம். 1931-ல் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் துணைநிற்க, கனகசபைப் பிள்ளை வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியது இங்கிருந்துதான். வரமுடியாதவரைத் தேடிப் புத்தகம் போகட்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள். என் பையில் மூன்று நாள் பேப்பர் இருந்தது. நூலகர்தான் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு தெரு விசாரித்ததும் வீடு தெரிந்துவிட்டது. அடிபம்படியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. மகன் திருப்பூரில். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொடுக்கிறாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், பிடித்து உட்கார்த்தினேன். பெயரைக் கேட்டேன். சொன்னார். இங்கே எழுதப்போவதில்லை, அது எங்களுக்குள் இருக்கட்டும்.

திங்கள்கிழமைப் பேப்பரிலிருந்து தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "செவ்வாய்க்கிழமை வந்துவிடுவேன். அன்றைக்குப் பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிடாதீர்கள் டீச்சரம்மா."

ஜூலை 29, செவ்வாய்

மணி பத்து நாற்பது. பேப்பரைப் பிரிக்காமல் மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்திருக்கிறேன். தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்கவில்லை. எதிர் மேசைப் பெரியவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஆள் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.