சென்னையில் வீடு தேடுபவர்களுக்கு

சென்னையில் வீடு பார்க்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவைப் பாருங்கள், முடிந்தால் மழைக்காலத்தில்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் கோட்டூர்புரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் படகு வைத்து மக்களை மீட்டார்கள். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். சதுப்புநிலத்தைக் குப்பையும் கட்டடமும் தின்றுவிட்டதால் அந்த நீர் வீடுகளுக்குள் வந்து நிற்கிறது. இதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

"இங்க தண்ணியே நிக்காது சார்" என்று புரோக்கர் சொல்வார். அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரையும் இஸ்திரி வண்டிக்காரரையும் கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையை வைத்தே காட்டுவார்கள். கோடையில் லாரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், போர் தண்ணீர் உப்பா என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ரயில். "மெட்ரோ வரப்போகுது" என்று வாடகையை ஏற்றுகிறார்கள். ஓடுகிற ரயிலை வைத்து முடிவெடுங்கள். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் பாதையில் பல்லாவரம், குரோம்பேட்டை மாதிரி இடங்கள் இருக்கின்றன; ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

வயதானவர்கள் உடனிருந்தால் தரைத்தளம் வசதிதான். ஆனால் வேளச்சேரியின் தாழ்வான தெருக்களில் முதல் மாடிக்குக் கீழே குடியேற யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.