பத்து மணிக்கு மேல்: ஒரு ரயில் நாட்குறிப்பு

2024 மே 9, வியாழன், சென்னை

நாளை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்குப் போகிறோம். அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அம்மா அவளுடன் சில மாதங்கள் இருக்கப்போகிறாள். நான் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் வண்டி, இடையில் முழுப் பகலையும் கடந்து மூன்றாம் நாள் விடிகாலையில்தான் புதுடெல்லி சேரும். இரண்டு இரவுத் தூக்கமும் வண்டியில்தான்.

அம்மாவுக்கு 78 வயது, இரத்த அழுத்தம் உண்டு. ஓர் இரவு தூங்காவிட்டால் மறுநாள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவாள். அதனால் வண்டியில் கேட்கும் சத்தம் எனக்கு வெறும் எரிச்சல் விஷயமல்ல. மாத்திரை, தண்ணீர் போல அதையும் முன்கூட்டியே கவனித்தாக வேண்டும்.

மூன்றடுக்கு ஏசியில் 33, 34 கிடைத்திருக்கின்றன. 72 படுக்கை உள்ள பெட்டியில் அது நட்டநடுப் பகுதி. கதவு ஓரத்துப் படுக்கைகளில் படுத்தவர்களுக்குத் தெரியும்: கழிவறைக்குப் போகிறவர்கள், நிலையத்தில் ஏறுகிறவர்கள் என இரவெல்லாம் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லை இந்த முறை இல்லை.

விதிகளையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். முன்பு இரவு ஒன்பது மணியிலிருந்து என்றிருந்த தூக்க நேரம், 2017இல் இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று மாறியது. 2022 ஜனவரியில் ரயில்வே அமைச்சகம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: செல்பேசியில் உரக்கப் பேசக்கூடாது, பாட்டைச் சத்தமாக வைக்கக்கூடாது, பத்து மணிக்கு மேல் இரவு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட வேண்டும், கூட்டமாக வருகிறவர்கள் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருக்கக்கூடாது. பயணிகள் புகார் செய்தால் வண்டியில் இருக்கும் ஊழியர்கள் கவனிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உதவி எண் 139. பிஎன்ஆர், பெட்டி, படுக்கை எண் மூன்றையும் தாளின் மேலேயே பெரிதாக எழுதிவிட்டேன். நடுராத்திரியில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2024 மே 11, சனி, விடிகாலை, விஜயவாடா

வண்டி நிற்கிறது. அம்மா தூங்குகிறாள். அவள் கண் அயர்ந்தபோது நள்ளிரவு ஆகியிருந்தது.

நேற்று அகமதாபாத்தில் சென்னைக்கும் குஜராத்துக்கும் ஐபிஎல் ஆட்டம். சுப்மன் கில்லும் நம் ஊர்ப் பையன் சாய் சுதர்சனும் சதம் அடித்து, குஜராத் 231 ரன் எடுத்திருந்தது. எங்கள் வண்டி கிளம்பும்போது சென்னை அணி ஆடத் தொடங்கியிருந்தது. எதிர்ப் படுக்கைகளிலும் பக்கவாட்டுப் படுக்கையிலும் கல்லூரி மாணவர்கள். ஆளுக்கொரு செல்பேசி, எல்லாம் ஒலிபெருக்கியில். ஒரு செல்பேசியில் சிக்ஸர் போய்விடும். அதற்கு ஓர் ஆரவாரம். சில நொடிகள் கழித்து அதே சிக்ஸர் அடுத்த செல்பேசியில் போகும். அதற்கு இன்னோர் ஆரவாரம். சிக்னல் இல்லாமல் படம் நின்றுவிட்டால் ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று பெட்டியின் மறுகோடிவரை கேட்கும் குரல்.

கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சத்தம் போட்டால் கூட்டம் கூட்டமாகத்தான் பதில் சொல்லும். ஒருவனைத் தனியாகப் பிடித்துச் சொன்னால் அவனுக்குக் காது கேட்கும். தண்ணீர் பாட்டில் எடுக்க எழுந்து வந்த பையனிடம் நடைவழியில் வைத்துச் சொன்னேன். “தம்பி, ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம், இப்போதுதான் படுத்திருக்கிறாள். காதில் மாட்டிக்கொண்டு பாருங்கள்.” அவன் அம்மாவை எட்டிப் பார்த்தான். “ஸாரி ஆன்ட்டி, கவனிக்கவில்லை” என்றான். போய் நண்பர்களிடம் ஏதோ சொன்னான். ஒலிபெருக்கிகள் நின்றன. இரண்டு பேர் ஒரே ஒயரின் ஆளுக்கொரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, தலையோடு தலை ஒட்டிப் பார்த்தார்கள். தோனி இறங்கியபோது மட்டும் ஒருவன் தன்னையறியாமல் கத்திவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். சென்னை 35 ரன்னில் தோற்றது. அதற்குப் பிறகு பெட்டியில் சத்தமே இல்லை.

இந்தப் பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. அடுத்தவருக்குத் தொல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். அதற்கு மேல் யாரிடமும் எதிர்பார்க்க மாட்டேன்.

2024 மே 11, சனி, மாலை, இடார்சி நெருங்குகிறது

பகல் முழுக்கச் சத்தம்தான். ஆனால் பகல் சத்தம் எனக்குப் பிடிக்கும் என்று எழுதிவிட வேண்டும். சமோசா, டீ விற்பவர்களின் குரல் இல்லாமல் நாற்பது டிகிரி வெயிலில் நாக்பூரைத் தாண்டுவது எப்படி? அம்மா காலையிலிருந்து எதிர்ப் படுக்கைப் பிள்ளைகளின் வீட்டுக் கதைகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள். யாருக்கு எத்தனை அரியர் என்பதுவரை அவளுக்குத் தெரியும். பேச்சு இல்லாமல் நீண்ட பயணம் போவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பக்கத்துப் பகுதியில் ஒருவர் தேர்தல் விவாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக்கொண்டிருந்தார். திங்கள்கிழமை ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் வாக்குப்பதிவு. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதம், அதுவும் செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் தகரத்தைக் கீறுவதுபோல. மனிதர்கள் பேசினால் கேட்கலாம், விலகலாம், நாமும் ஒரு வார்த்தை சொல்லலாம். செல்பேசியோடு அது முடியுமா? அதனால்தான் எதிரில் இருவர் உரக்கப் பேசுவதைவிட ஒரு செல்பேசியின் ஒலி அதிகம் அறுக்கிறது.

என் இந்தி பிழைக்கும் அளவுதான். “பாயி சாப், தோடா ஆவாஸ் கம் கீஜியே” என்றேன், சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று. அவர் முகம் சுளித்து ஒரு புள்ளி குறைத்தார். அம்மா விடவில்லை. முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு அவரிடமே போனாள். இந்தி ஒரு சொல்லும் தெரியாது. முறுக்கை நீட்டி, செல்பேசியைக் காட்டி, காதைக் காட்டி, கையைக் கீழே இறக்கிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். செல்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, தன் மனைவிக்கும் முறுக்கு கேட்டு வாங்கினார்.

2024 மே 12, ஞாயிறு, டெல்லி

எல்லோரிடமும் முறுக்கு செல்லாது என்பதையும் எழுத வேண்டும்.

போபாலில் ஐந்தாறு ஆண்கள் ஏறினார்கள். எங்களுக்கு அடுத்த பகுதி. சூட்கேஸைக் கவிழ்த்து வைத்துச் சீட்டாட்டம், விளக்கெல்லாம் எரிகிறது, ஒவ்வொரு சீட்டும் அறைந்துதான் விழுகிறது. பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று. அங்கேயே மேல்படுக்கையில் ஒரு கர்ப்பிணிப் பெண் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நானும் அவள் கணவரும் போய்ச் சொன்னோம். “ஐந்து நிமிடம்” என்றார்கள். அரை மணி கழித்து மறுபடி சொன்னோம். “ரயில் உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?” என்ற பொருளில் ஒருவர் இந்தியில் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கணவர் பேசாமல் திரும்பிவிட்டார்.

அங்கேயே நின்று வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. இருட்டில், ஓடும் வண்டியில், எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். என் இடத்துக்கு வந்து 139ஐ அழைத்தேன். தாளில் இருந்ததை அப்படியே படித்தேன். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பரிசோதகரே வந்துவிட்டார். ஜான்சியில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் இருவர் ஏறினார்கள். யார் புகார் செய்தது என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்கவில்லை. அது பெரிய ஆறுதல். பரிசோதகர் குரலை உயர்த்தாமல் 145ஆவது பிரிவைச் சொன்னார். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, பெட்டியில் தொல்லை செய்கிறவரை வண்டியைவிட்டு இறக்கலாம், டிக்கெட்டைப் பறிக்கலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சீட்டுகள் பைக்குள் போயின. விளக்கு அணைந்தது.

காலையில் அவர்கள் எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. அதனால் என்ன? அந்தப் பெண் குவாலியர், ஆக்ரா எல்லாம் கடந்து விடியும்வரை தூங்கினாள்.

‘எதற்கு வம்பு, ஒரு ராத்திரிதானே’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். சொல்கிறவருக்கு ஒரு ராத்திரி. மேல்படுக்கையில் படுத்திருப்பவளுக்கு அப்படியல்ல. சொல்லத் தெம்பு இருப்பவர்தான் சொல்லியாக வேண்டும்.

2024 மே 19, ஞாயிறு, டெல்லி

அக்கா நடைப்பயிற்சி தொடங்கிவிட்டாள். வெயில் தாங்கவில்லை. வெளியே போக வழியில்லாமல் வீட்டில் அத்தானுடன் இதே பேச்சுதான். அவர் ஜப்பானில் வேலை பார்த்தவர். அங்கே ஷின்கான்சென் என்ற அதிவேக வண்டியில் செல்பேசியில் பேச வேண்டுமானால் எழுந்து இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உள்ள இடத்துக்குப் போய்விடுவார்களாம். அமெரிக்காவின் ஆம்டிராக் வண்டிகளில் அமைதிப் பெட்டி என்று தனியாகவே இருக்கிறது; பிலடெல்ஃபியாவிலிருந்து அதிகாலையில் வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகும் பயணிகள் தாங்களே கேட்டு வாங்கியது அது.

நமக்கும் அப்படித் தனிப் பெட்டி வேண்டும் என்கிறார் அத்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. அமைதிப் பெட்டி என்று ஒன்றை ஒதுக்கினால் மற்ற பெட்டிகளில் எப்படியும் கத்தலாம் என்றாகிவிடும். நம் விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் எல்லாப் பெட்டியும் அமைதிப் பெட்டிதான், படுக்கை வசதி உள்ள சாதாரண வகுப்பும் சேர்த்து. இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் போதும்.

2024 மே 29, புதன், நாக்பூர் தாண்டி

திரும்புகிறேன். அம்மா அக்காவுடன். நேற்று இரவு கிளம்பிய வண்டி.

என் எதிரில் ஒரு தம்பதியும் பத்து வயதுப் பையனும். ஏறியதுமே அந்தத் தாய் எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: பையனுக்கு ஆட்டிசம், சில நேரம் சத்தம் போடுவான், மன்னித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எத்தனை வண்டிகளில், எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பாரோ.

பையன் காதுகளில் பெரிய நீலக் கவசம் மாட்டியிருந்தான். வந்துபோகும் நிலையங்களின் பெயர்களை மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் பக்கவாட்டுப் படுக்கைக்காரர் செல்பேசியில் காணொளிகளை ஓடவிட ஆரம்பித்தார். கால் நிமிடத்துக்கு ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு, ஒரு வெடிச்சத்தம். பையன் கவசத்தின்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினான். அப்படியும் தாங்க முடியாமல், நிலையத்தின் பெயரை உரக்க, இன்னும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தான். தந்தை பதறி அவன் வாயருகே கையைக் கொண்டுபோனார். பக்கவாட்டுக்காரர் எரிச்சலோடு, “குழந்தையைக் கொஞ்சம் அடக்குங்கள்” என்றார். சொல்லிவிட்டு, பையனின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகத் தன் செல்பேசியின் ஒலியை இன்னும் கூட்டினார்.

நான் எழுந்து அவர் அருகில் போய் உட்கார்ந்தேன். “ஐயா, அவன் உங்கள் செல்பேசிச் சத்தம் தாங்காமல்தான் கத்துகிறான். அதை நிறுத்திப் பாருங்கள்.” அவர் நம்பவில்லை. ஆனாலும் நிறுத்தினார். பையனின் குரல் உடனே இறங்கவில்லை. தந்தை அவன் உள்ளங்கையை விரல்களால் ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தார், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை, மறுபடி கட்டைவிரல். மெல்ல மெல்லப் பேச்சு முணுமுணுப்பாயிற்று. பக்கவாட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு அவர் செல்பேசியில் பேசக்கூடக் கதவருகேதான் போகிறார்.

அந்தத் தாய் எனக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்லும் நிலைக்கு அவரை யாரும் கொண்டுவந்திருக்கக் கூடாது. குழந்தை அழும், பெரியவர் இரவெல்லாம் இருமுவார், இவன் பெயர்களைச் சொல்வான். இவற்றில் எதையும் நிறுத்தும் பொத்தான் யாரிடமும் இல்லை. செல்பேசிக்கு இருக்கிறது.

2024 மே 30, வியாழன், சென்னை

காலையில் வந்து சேர்ந்தேன். மதியம் ரயில்வேயின் இணையதளத்தில் யோசனை ஒன்றைப் பதிவுசெய்தேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஊழியர் ஒருவர் வந்து, வண்டி கடந்துபோகும் மாநிலங்களின் மொழிகளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: பத்து மணிக்கு விளக்கணைக்கப்படும், செல்பேசிக்குக் காதொலிப்பான் கட்டாயம். பெட்டிக்குப் பெட்டி 139 எழுதியிருக்கும் இடத்தில், சத்தத் தொல்லைக்கும் இந்த எண்ணை அழைக்கலாம் என்று சேர்க்க வேண்டும். பலர் அதைத் திருட்டுக்கும் மருத்துவ உதவிக்கும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டால், பெட்டியின் நடுவில், கதவுச் சத்தம் எட்டாத இடத்தைத் தர வேண்டும்.

பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.